கரை கேட்காத குருவி: ஒரு பிழைதிருத்தம்

எமது கவிதைகளிலே பறவைகள் அதிகம், பறவையினங்கள் குறைவு. கடந்த இரண்டு மூன்று தசாப்தங்களில் வெளிவந்த சஞ்சிகைகளையும் தொகுதிகளையும் புரட்டிப் பார்த்தோருக்கு இது புதுச் செய்தியல்ல. சமாதானம் பற்றிப் பேச ஒரு வெள்ளைப் புறா. காதலுக்குக் குயில் அல்லது கிளி. இடப்பெயர்வுக்கு ஒரு கூடிழந்த பறவை. இந்தக் கடைசிப் பறவைக்குப் பெயரே கிடையாது. அதன் நிறம் என்ன, அது என்ன தின்னும், எங்கே முட்டையிடும் என்று எவரும் சொல்வதில்லை. அது கூட்டை இழக்கும், சிறகு முறியும், திசை தெரியாமல் அலையும், கவிதையின் கடைசி வரியில் வானத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும். அத்தோடு சரி.

இந்தக் குறைபாடு பற்றி நான் பல இலக்கியக் கூட்டங்களிலே பேசியிருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் எமக்குத் தமிழ் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், “கண்டதை எழுது, காணாததைக் கண்டவன் போல எழுதாதே” என்பார். அந்த வாசகத்தை நான் ஒரு தராசாகவே தூக்கிக்கொண்டு திரிந்தேன். எந்தக் கவிதை வந்தாலும் அதில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பேன். தராசு சரியாகத்தான் இருந்தது. தூக்கிய கையிலேதான் பிழை என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பதினைந்து வருடங்கள் சென்றன. அந்தப் பிழையை எழுதவே இக்கட்டுரை. பிறர் கவிதையைக் குறைகூறும் தகுதி இதை எழுதி முடித்த பின்னர்தான் எனக்கு வரும் என்று நினைக்கிறேன்.

2009 ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்த வருடம். தமிழ்மொழித் தினப் போட்டிக்காக எமது பாடசாலையில் மாணவரிடம் கவிதைகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை புறாக் கவிதைகள். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. பதினோராம் தரத்தில் படித்த ஒரு பையன் அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து எழுதித் தந்திருந்தான். அவனது குடும்பம் 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கற்பிட்டியில் வந்திறங்கிய குடும்பங்களில் ஒன்று. அவன் முகாமிலே பிறந்தவன். அவனுடைய கவிதையில் இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

தண்ணியில் நடக்குது ஒரு கறுத்தக் குருவி,
கரை எங்கே என்று அது கேட்கவில்லை.

நான் சிவப்பு மையினால் முதல் வரிக்குக் குறுக்கே ஒரு கோடிட்டு, ஓரத்தில் “இயற்கைக்கு முரண்” என்று எழுதினேன். குருவி பறக்கும், நீர்ப்பறவையானால் நீந்தும், தண்ணீரில் நடக்காது. இரண்டாவது வரிக்கும் ஒரு குறிப்பு எழுதினேன்: “பறவை மாலையில் கூடு திரும்பும். கரை தேடாத பறவை உண்டா?” புறாக் கவிதைகளில் ஒன்றைப் போட்டிக்கு அனுப்பினோம். அது கோட்ட மட்டத்தில் பரிசும் பெற்றது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் கடலுக்குப் போனான். அதன் பிறகு அவன் கவிதை எழுதியதாக நான் அறியவில்லை.

*

எமது குடாநாட்டில் கச்சான் காற்று ஓயும் காலம் செப்டெம்பர் கடைசி. மே மாதம் தொடங்கி மேற்குக் கடல் சும்மா இருப்பதில்லை. காற்று விழுந்ததும் சிறு வள்ளங்கள் மீண்டும் தூரத்துக்குப் போகத் தொடங்கும். 2024 ஆம் ஆண்டு அப்படியொரு நாளில்தான் அந்தப் பழைய மாணவன் என்னைப் பள்ளிவாசல் முற்றத்தில் கண்டு, “சேர், கடல் படுத்துட்டு. ஒரு நாளைக்கு எங்களோட வாங்களேன்” என்று அழைத்தான். இப்போது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. சொந்தமாக ஒரு பைபர் வள்ளமும் 25 குதிரைவலு எஞ்சினும் இருக்கின்றன. கடலுக்கு முந்நூறு யார் தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன், களப்பிலே தோணியேறியிருக்கிறேன். ஆனால் கரை மறையும் தூரம் ஒருநாளும் போனதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடல் பற்றிய கவிதைகளுக்கு நான் இருபது வருடங்களாகப் புள்ளி போட்டு வருகிறேன்.

சுபஹுத் தொழுகை முடிந்ததும் கண்டக்குழிப் பக்கத்திலிருந்து புறப்பட்டோம். அவன், அவனது மச்சான், நான். நண்பரொருவரிடம் இரவல் வாங்கிய தொலைநோக்கியும் ஒரு பறவைக் கையேடும் என்னிடம் இருந்தன. 1992 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பார் றீஃப் பவளப்பாறைத் தொடரை வடக்கே விட்டு நேரே மேற்கு நோக்கி ஓடினோம். முதல் அரைமணி நேரம் கரையோரப் பறவைகள்தாம்: கொண்டை ஆலாக்கள் இரண்டு மூன்றாகத் தாழப் பறந்து, சட்டென்று தலைகீழாக விழுந்து மீன் கொத்தின. அதன்பின் தண்ணீரின் பச்சை நிறம் மாறிக் கருநீலமானது. தென்னை மரங்கள் ஒரு கோடாகி, அந்தக் கோடும் இல்லாமற் போனது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. “தூரத்தப் பாருங்க சேர், வள்ளத்துக்குள்ள பாக்காதீங்க” என்றான் மாணவன். ஆசிரியனும் மாணவனும் இடம் மாறிய முதற் கணம் அது.

அவன் தூரத்தைப் பார்க்கச் சொன்னதில் தொழிலும் இருந்தது. சூரைக் கூட்டம் எங்கே மேலெழுகிறது என்பதைப் பறவைகளைக் கொண்டே அறிகிறார்கள். பெரிய மீன்கள் கீழிருந்து துரத்த, சிறுமீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வர, ஆலாக்கள் வளைத்துக்கொண்டு கொத்தும். மனிதனின் கண்ணுக்கு மீன் தெரியாது, பறவை தெரியும். எம் கவிஞர்கள் ஏக்கத்தின் குறியீடாக மட்டுமே காணும் பறவை, இங்கே அன்றைய உலையில் அரிசி விழுமா என்பதைச் சொல்லும் அறிவிப்பு.

மிதந்துவந்த ஒரு பலகைத் துண்டின் மீது இரண்டு ஆலாக்கள் உட்கார்ந்திருந்தன. முதுகு கருஞ்சாம்பல், வயிறு வெள்ளை, நெற்றியிலிருந்து கண்ணுக்கு அப்பாலும் நீளும் ஒரு வெள்ளைப் புருவம். கையேட்டைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் கடிவாளம் பூட்டிய ஆலா என்று பொருள்படும் பெயர். அரபிக்கடலோரத் தீவுகளிலும் குஞ்சு பொரிக்கும் இனம் இது. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இவை எமது மேற்குக் கரைக்கு அப்பால் பெருந்தொகையாகத் தெற்கு நோக்கிப் போகின்றன. றெக்ஸ் ஐ. டி சில்வா போன்றோர் இந்த வலசையை நீண்டகாலமாக அவதானித்து எழுதியுள்ளனர். அன்று நாம் சென்ற இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூட்டங்கள் எம்மைக் கடந்து போயின. எங்கள் வீட்டு முற்றத்துக்கு நேரே மேற்கில், வருடந்தோறும் நடக்கும் இந்தப் பயணத்தை எமது இலக்கியத்தில் எவரும் எழுதி நான் வாசித்ததில்லை.

அவர்கள் தூண்டிலை இறக்கி, எஞ்சினை நிறுத்தினார்கள். இரைமீனை வெட்டிய கழிவு தண்ணீரில் விழுந்து எண்ணெய்ப் படலமாக விரிந்தது. சிறிது நேரத்தில் அந்தப் படலத்தின்மேல் ஏதோ கறுப்பாக அசைந்தது. முதலில் வண்ணத்துப்பூச்சி என்று நினைத்தேன். ஊர்க்குருவியைவிடச் சற்றே பெரியது. உடல் முழுவதும் புகைக்கறுப்பு. வாலடியில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. சிறகுகளை மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நீண்ட மெல்லிய கால்கள் இரண்டையும் மாறிமாறித் தண்ணீரில் வைத்து, அலையின் ஏற்றத்தில் ஏறி இறக்கத்தில் இறங்கி நடந்தது. ஆம், நடந்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கரை எங்குமே இல்லை. அது எதையும் தேடுவதாகவும் தெரியவில்லை. தலையைக் குனிந்து கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

நான் மாணவனைப் பார்த்தேன். அவன் தூண்டில் நூலைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

“இதத்தானே நீ எழுதின?” என்றேன்.

“அது நான் கண்டு எழுதினதில்ல சேர். அப்ப நான் கடலுக்கே போனதில்லையே. உம்மா சொன்னது. மன்னாரிலிருந்து வள்ளத்தில வரக்குள்ள மழையும் காத்துமாம். ராத்தாவ மடியில பொத்திப் பிடிச்சிக்கிட்டு இருந்தவாம். விடியக்குள்ள வள்ளத்துக்குப் பக்கத்தில இது நடந்து வந்திச்சாம். வள்ளத்தில எல்லாரும் கரை தெரியுதா, கரை தெரியுதா என்டுதான் கேட்டுக்கிட்டு வந்தாங்களாம். இது மட்டும் கேக்கல்லயாம்.”

“அன்டைக்கே ஏன் சொல்லல்ல?”

“சிவப்பு மையால வெட்டின பொறகு என்னத்தச் சொல்ற சேர்?”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

*

அந்தப் பறவை வில்சனின் பெயரால் அழைக்கப்படும் புயற்குருவி. தென்துருவமான அந்தாட்டிக்காவின் கரைகளிலும் அதனையண்டிய தீவுகளிலும், பாறை இடுக்குகளில் ஒரேயொரு முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. அங்கே குளிர்காலம் தொடங்கியதும் வடக்கே புறப்பட்டு இந்து சமுத்திரத்துக்கும் வருகிறது. அதன் நிறை ஏறத்தாழ 40 கிராம். ஒரு தேசிக்காயின் பாரம். இந்த வகைப் பறவைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை, நீர்மேல் நடந்ததாகக் கிறிஸ்தவ வேதம் கூறும் பீட்டரோடு தொடர்புபடுத்திச் சொல்வோர் உண்டு. பெயராய்வு எப்படியாயினும், வெள்ளைக்கார மாலுமிகளும் மன்னார்த் தாயொருத்தியும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே வினைச்சொல்லுக்குத்தான் வந்திருக்கிறார்கள். அந்த வினைச்சொல்லைத்தான் நான் வெட்டினேன்.

ஏன் வெட்டினேன்? நான் அறியாமல் வெட்டினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாக இப்போது நினைக்கிறேன். எனது வாசிப்பு முழுவதும் கரையிலே நின்று நடந்த வாசிப்பு.

நெய்தலை எடுத்துக்கொள்வோம். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில், பறவைகளின் பெயரால் அமைந்த பத்துகள் இரண்டு உள்ளன: வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து. நுட்பமான கவிதைகள். ஆனால் சிறுவெண்காக்கைப் பாடல்கள் யாவும் அக்காக்கையைக் கடலின் கரையிலே வைத்தே தொடங்குகின்றன. பறவை கரையில் நிற்கிறது. தலைவியும் கரையில் நிற்கிறாள். கடலுக்குப் போனவன் திரும்புவானா என்பதே கேள்வி. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதால் இது அவ்வாறுதான் அமையமுடியும். கடலின் நடுவே என்ன நடக்கிறது என்பது அத்திணையின் அக்கறையல்ல.

கடலின் நடுவே ஒரு பறவையைக் காட்டும் தமிழ்ப் பாடல் என்றதும் எனக்கு நினைவு வருவது குலசேகர ஆழ்வாருடையது. மரக்கலத்தின் பாய்மரத்திலிருந்து பறந்துபோன பறவை, எங்கும் கரையைக் காணாமல் திரும்பவும் அந்தப் பாய்மரத்துக்கே வந்து சேர்வதைப் போல, தானும் இறைவனிடமே மீள்வதாக அவர் பாடுகிறார். அற்புதமான உவமை. ஆயின் அந்தப் பறவை நிலத்துப் பறவை. கடல் அதற்கு வெறும் வெறுமை. பாரசீகத்தில் பரீதுத்தீன் அத்தாரின் ‘மந்திக்குத் தைர்’ காவியத்திலே, பயணத்துக்கு வரமறுக்கும் பறவைகளுள் ஒன்று நாரை. கடலின் மேல் தீராக் காதல் கொண்டு கடலோரத்திலேயே அமர்ந்திருக்கும் அது, தான் ஒரு துளி பருகினால் கடல் குறைந்துவிடுமே என்றஞ்சித் தாகத்தோடு இருக்கிறது. புயற்குருவியோ கடல்நீரைக் குடிக்கிறது. உடலில் மிகும் உப்பைத் தலையிலுள்ள ஒரு சுரப்பி பிரித்தெடுக்க, மூக்குக் குழாய் வழியாக அது வெளியேறுகிறது. அத்தாரின் நாரை கரைக்காதலின் பறவை. எம் பையனின் குருவி கடலைக் குடித்து வாழும் பறவை. நான் முன்னதற்குரிய இலக்கணத்தைக் கொண்டு பின்னதை அளந்தேன்.

அப்படியானால் கடலுக்குப் போகாதவன் கடலை எழுதக்கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கிலக் கவி கோல்றிட்ஜ், அல்பற்றோஸ் பறவையைக் கொன்ற முதிய மாலுமியின் கதையை எழுதியபோது நெடுங்கடற் பயணம் எதுவும் போனவரல்லர். 1798 இல் வெளிவந்த அக்கவிதையிலுள்ள அல்பற்றோஸ், செல்வோக் என்ற கப்பற் தலைவர் 1726 இல் வெளியிட்ட பயணநூலிலிருந்து வந்தது. அந்நூலை வாசித்திருந்த வேர்ட்ஸ்வர்த்தான் நண்பருக்கு அந்த யோசனையைக் கொடுத்தவர். இதிலிருந்து நான் பெறும் பாடம் இது: கோல்றிட்ஜ் கடலைக் காணவில்லை, ஆனால் கண்டவன் சொன்னதை நம்பினார். எம் மாணவனும் காணவில்லை. கண்ட தாய் சொன்னதை நம்பினான். காணாமலும் நம்பாமலும் இருந்தவன் நான் ஒருவன்தான். “கண்டதை எழுது” என்ற எனது விரிவுரையாளரின் வாசகத்துக்கு மறுபாதி ஒன்று உண்டு. “கண்டவரைக் கேள்.” அதை அவர் சொல்லவில்லையா, நான் குறித்துக்கொள்ளவில்லையா என்பது இப்போது நினைவில்லை.

*

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கடலே வீடான ஒரு பறவை உண்டு என்று கண்டுபிடித்ததும், இடம்பெயர்ந்தோர் பற்றிய கவிதைகளில் கூடிழந்த பறவையை எடுத்துவிட்டுப் புயற்குருவியை வைக்கலாம் என்று யாரேனும் புறப்படக்கூடும். அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆலாவும் புயற்குருவியும் தம் பருவத்தில் தாமாகப் புறப்படுகின்றன. மீண்டும் தம் பாறைக்கே திரும்புகின்றன. அங்கே வேறெவரும் வேலி போட்டிருப்பதில்லை. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வலசை போனவர்களல்லர். அவர்களை எந்தப் பறவையாகச் சொன்னாலும் சொல்கிறவன் ஏதோ ஒன்றை மறைக்கிறான்.

இவ்விடத்தில்தான் அந்த இரண்டு வரிகளின் பெறுமதி எனக்கு விளங்குகிறது. பையன் தன் தாயைக் குருவி என்று சொல்லவில்லை. குருவி குருவியாகவே தண்ணீரில் நடக்கிறது. கரை எங்கே என்று கேட்கிறவர்கள் கவிதைக்கு வெளியே, வள்ளத்துக்குள் இருக்கிறார்கள். “அது கேட்கவில்லை” என்று எழுதும்போதே, கேட்டவர்கள் அத்தனை பேரும் அந்த வரிக்குள் வந்துவிடுகிறார்கள். கண்ணீர் என்ற சொல் இல்லை. அகதி என்ற சொல் இல்லை. வானத்தை நோக்கிய கேள்வியும் இல்லை. பதினாறு வயதில் அவன் செய்தது அது. நான் அனுப்பிவைத்த புறாக் கவிதையின் ஒரு வரிகூட எனக்கு இன்று ஞாபகமில்லை.

இதை எழுதுவதற்கு முன் முழுக் கவிதையையும் இங்கே பிரசுரிக்கலாம் என்று எண்ணி அவனிடம் கேட்டேன். கொப்பித் தாள் என்றோ தொலைந்துவிட்டது. அவனுக்கும் மற்ற வரிகள் நினைவில்லை. “நீங்க வெட்டினது மட்டுந்தான் சேர் மனசில நிக்கிது” என்றான். அவனது உம்மா இப்போது மீள்குடியேறி மன்னாரில் இருக்கிறார். அவன் மாதமொருமுறை அங்கே போய்வருகிறான். எது ஊர் என்று கேட்டால், “ரெண்டு பக்கமும் கரைதான் சேர்” என்கிறான். அடுத்தமுறை போகும்போது தாயிடம் அந்த விடியற்காலை பற்றி இன்னும் கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். கவிதையாக வேண்டாம், சொன்னபடி வந்தால் போதும் என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

எமது சஞ்சிகைகளில் அச்சுப்பிழைகளுக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுவது வழமை. அவ்வழமைப்படி:

2009 ஆம் ஆண்டு, பதினோராம் தர மாணவன் ஒருவனின் கவிதையில், “தண்ணியில் நடக்குது ஒரு கறுத்தக் குருவி” என்ற வரியின் ஓரத்தில் “இயற்கைக்கு முரண்” என ஆசிரியரால் எழுதப்பட்டிருந்தது. அக்குறிப்பு பிழையானது. நீக்கி வாசிக்கவும்.